டைகருக்கு என்ன ஊசி?

"சாமி! டைகர எங்க இஸ்துக்கினு போற?"

பால் சொம்பை நடுத்தெருவிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள் பூவம்மாள்.

கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் பராசரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் நீளமான மூங்கில் குச்சி, குச்சியின் நுனியில் கயிறு, கயிற்றில் தெருநாய் டைகர். நாய் மேலே பட்டுவிட்டால் தலைமுழுக வேண்டுமே, அந்த ஜாக்கிரதை!

"மாட்டாஸ்பத்திரிக்கு."

"இன்னாத்துக்கு?"

"ஒரு வாரமா லொக்கு லொக்குன்னு இருமறது. கார்த்தால மயங்கி விழுந்துடுத்து. வெறியா இருந்தா தெருவே போச்சு. டாக்டர் ஒரு முடிவு சொல்லட்டும்."

பூவம்மாள் குறுக்கே போய் நின்றாள். முடிவாம், முடிவு! போன மாசம் குளத்தங்கரை நாய்க்கும் இப்படித்தான் முடிவு சொன்னார்கள். ஒரே ஊசி. அவ்வளவுதான்.

"உன் கால்ல வுழறேன் சாமி, வுட்ரு. வாயில்லா சீவன்."

"தள்ளிப் போ!"

எதிரே வந்த ஜட்காவுக்கு ஒதுங்கி, விடுவிடுவென்று நடந்தார். இந்த மனுஷனுக்கு நாய் என்றாலே ஆகாது. திருவள்ளூருக்கே தெரியும். நல்லா இருப்பானா இவன் என்று திட்டிக்கொண்டே பூவம்மாளும் பின்னால் ஓடினாள்.

டாக்டர் சுப்பராயன் டைகரைத் தடவிப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். பூவம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐயோ, போச்சே!"

"கத்தாதேம்மா. மருந்து ஏத்தலை, ரத்தம்தான் எடுக்கறேன்."

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே காணோம். பூவம்மாள் டைகரை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"வெறியெல்லாம் இல்லை" என்றார் ஒருவழியாக. "இதயத்துல புழு. கொசு கடிச்சு வர்றது. அதோட குஞ்சுங்க ரத்தத்துல நூல் நூலா நெளியுது."

"பொழைக்குமா டாக்டரே?"

"ஊசி போட்டுப் பார்க்கலாம். ஆனா செத்த புழு நுரையீரல்ல போய் அடைச்சுக்கிட்டா, நாய் பொட்டுன்னு போயிடும். ஒரு மாசம் ஓடாம, குதிக்காம கட்டி வெச்சுக் காப்பாத்தணும். வேளாவேளைக்கு வயிறு நிறையணும். தெருநாய்க்கு யார் இருக்கா?"

"நான் கீறேன்!" பூவம்மாள் பாய்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என் ஊட்ல கட்டிக்கிறேன். மீன் கொழம்பு ஊத்தி சோறு போடறேன்."

"போதும்மா, அது போதும்."

"ஐயையோ, அதெல்லாம் தொடாது!" பதறிப்போய்க் குறுக்கிட்டார் பராசரன். "ததியோன்னம்தான் சாப்பிடும். தயிரைத் தளர விட்டுப் பிசைஞ்சு, உள்ளங்கையில வெச்சு நீட்டணும். இலையில போட்டா கோச்சுண்டுடும்!"