பெருமூச்சு விடும் வண்டி

மூன்றாவது முறையும் வண்டி நின்றபோது, மாமனார் பெட்டியைச் சாலையோரம் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

முதல் முறை மரக்கடை வாசலில் நின்றது. மருமகன் பிளக்கைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் வெளிச்சத்துக்குக் காட்டினால்தான் அவருக்கு நிம்மதி.

“பிளக் காய்ஞ்சு கிடக்கு மாமா. டேங்க்ல இருக்கிற பெட்ரோல் கீழ வரமாட்டேங்குது.”

டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பும் தகப்பனுடையதுபோல. உள்ளே பெட்ரோல் கழுத்துவரை தளும்பியது. மூடினார், பிளக்கை மாட்டினார், உதைத்தார்.

வண்டி கிளம்பிவிட்டது. பிளக்தான் கோளாறு என்றார்.

இரண்டாவது முறை, நிறைந்த டேங்கோடு பெட்ரோல் பங்க் வாசலிலேயே நின்றது. பங்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகன் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை உருவி, வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு வாய் பெட்ரோலைத் துப்பினார். மறுபடி மூடி திறப்பு, மறுபடி பெருமூச்சு, மறுபடி உதை.

வண்டி கிளம்பிவிட்டது. குழாய்தான் கோளாறு என்றார்.

மாமனார் தயங்கித் தயங்கி, ஓர் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேனே என்று சொல்லிப் பார்த்தார். மருமகன் முகம், அவரையே எடைக்குப் போடச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி. தான் இரண்டாம் தாரம்தான் என்று மகளே கேலி செய்வாள்.

இப்போது மூன்றாவது முறை.

வழியில் போன ஒருவர் நின்று, பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். வண்டி நின்றால் உலகமே கேட்கும் கேள்வி. மருமகன் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட இல்லை. ஊசிமுனைத் துளை உள்ள பித்தளை ஜெட்டை எடுத்து ஊதி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு பொட்டு வானம் தெரிந்திருக்கும். அதையே நெடுநேரம் பார்த்தார்.

என்னை அனுப்பிவைக்க என்ன பாடு படுகிறார், என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஒரு வாரத்துக்கென்று வந்தவர், இரண்டு மாதம் தங்கிவிட்டார். ஆயுசெல்லாம் மில் கேன்டீனில் சமைத்த கை சும்மா இருக்காமல், வந்த மறுநாளே மகளிடமிருந்து கரண்டியையும் பிடுங்கிக்கொண்டது. எப்போது கிளம்புகிறீர்கள் என்று இருவரும் இதுவரை கேட்கவில்லை. கேட்பதற்குள் போய்விட வேண்டும். மிச்சமிருக்கும் மரியாதை அதுதான்.

குந்தியிருந்த மருமகனின் இடுப்பில் பெல்ட் தெரிந்தது. கடைசி ஓட்டைக்கும் அப்பால், நுனியை ஒட்டி, ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை. ஒரு பெல்ட் வாங்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டோமே என்று நினைத்தார்.

“மாப்பிள்ளை, இதுக்கு மேல சிரமப்படாதீங்க. நான் நடந்தாவது போயிடறேன்.”

தூரத்தில் ரயில் கூவியது.

மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும்.

திரும்பி வரும்போது வண்டி ஒரே ஒரு தடவைதான் நின்றது. மருமகன் விசிலடித்துக்கொண்டே மூடியைத் திறந்தார். உஸ். மூடினார், உதைத்தார், கிளம்பிவிட்டார். பிளக், குழாய், ஜெட் எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பின்சீட்டில் இருந்த மாமனாருக்கு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. டின்னில் ஓர் ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கி நின்றுவிடும். எதிர்மூலையில் இன்னொன்று போட வேண்டும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும்.

வீட்டில், ரயில் என்னவாயிற்று என்று மகள் கேட்கவே இல்லை. பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மருமகன் பெட்ரோல் வாடை போகக் குளிக்கப் போனார்.

மாமனார் மெல்ல வாசலுக்கு வந்து டேங்க் மூடியைத் திறந்தார். பெருமூச்சு அடங்கும்வரை காத்திருந்து, மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

காற்றுப் போக வேண்டிய சின்னத் துளையில் மங்கலான வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, விரலிடையில் உருட்டினார்.

பிசைந்த கோதுமை மாவு. பெட்ரோலிலும் கரையவில்லை. கட்டியில்லை, பிசிறில்லை. இழுத்தால் அறாமல் நீண்டது.

மகள் பிசைந்தால் உதிரும். மருமகன் பிசைந்தால் ஒழுகும். இந்த வீட்டில் இப்படிப் பிசைகிற கை ஒன்றுதான்; அடைத்த கை வேறு.

உருண்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஓரம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு பயணத்துக்குத் தாங்காது.

அடுப்படிக்குப் போய், ஈரத்துணியை விலக்கி, காலையில் பிசைந்து வைத்ததில் ஒரு கிள்ளு எடுத்துவந்தார். துளையில் வைத்து, கட்டைவிரலால் ஓரத்தைச் சமமாகத் தேய்த்து, மூடியை இறுக்கினார்.

குளியலறையிலிருந்து மருமகனின் குரல் வந்தது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடலாமா என்று கேட்டார்.

“பாக்கலாம் மாப்பிள்ளை. வண்டி விடணுமே.”