இரண்டு கட்டங்களுக்கு நடுவே

மேல் வீட்டில் மறுபடி எதுவோ விழுந்தது. இந்த முறை பாத்திரம் இல்லை.

"யார்ட்டடி சொன்ன?"

தனபால் அண்ணன் குரல். எங்கள் வீட்டு சீலிங் வழியாக ஒவ்வொரு சொல்லும் இறங்கியது.

மேகலா அக்காவின் வளையல்கள் சுவரோடு உரசும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி. எவன் அவன்?"

எவனும் இல்லை. நான்தான்.

காலையில் அவர்கள் கதவுக்கு அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு ஓடிவந்திருந்தேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஓர் ஆந்தை. கீழே ஒரே வரி: 'இனி அவள்மேல் கை பட்டால் வருவேன்.'

வெள்ளை ஆந்தை அப்படித்தான் செய்வான்.

அப்பாவின் பழைய காமிக்ஸில் அது இரண்டே கட்டம். முதல் கட்டத்தில் கதவில் அட்டை, வில்லன் நெற்றியில் வியர்வை. அடுத்த கட்டத்தில் விடிந்துவிடும். வில்லன் கையில் விலங்கு.

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"அது புருஷன் பொண்டாட்டி விஷயம். நீ காத பொத்திக்கிட்டுப் படி."

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் பெட்டியை இழுத்தேன். காமிக்ஸுக்கு வருவதற்கு முன்னால் வெள்ளை ஆந்தை மாத நாவலில் வந்தவன். படம் இல்லை என்பதால் அந்த நாவலை நான் தொட்டதே இல்லை.

அட்டை வைத்த பிறகு அவன் என்ன செய்தான்?

வேகமாகப் புரட்டினேன்.

அட்டைக்கும் விலங்குக்கும் நடுவே பதினொரு பக்கம்.

அவன் எங்கேயும் போகவில்லை. எதிர்ச் சந்தில் மழையில் நின்றான். பயந்தவன் முதலில் கைக்கு எட்டுபவளைத்தான் அடிப்பான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே முதல் அலறல் கேட்டதும் கதவை உடைத்தான்.

காமிக்ஸுக்குப் படம் வரைந்தவர் பதினொரு பக்கத்தையும் விட்டுவிட்டார்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே, விரல் அகலம்கூட இல்லாத வெள்ளை.

மேலே சத்தம் நின்றது.

கதவுவரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

வைத்தபடியே நின்றேன்.

தனபால் அண்ணன் ஆட்டோ கூப்பிடப் படியிறங்கி ஓடிய பிறகுதான் திறந்தேன்.

மேகலா அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தாள். இன்னொரு கை துண்டில் தொங்கியது.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுக்கா," என்றாள் அம்மாவிடம்.

"பாத்து நடக்கக் கூடாதா?" அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அக்கா என் உள்ளங்கையில் எதையோ திணித்தாள். கசங்கிய அட்டை.

என் நோட்டில் அந்த ஆந்தையை நான் காட்டிய ஒரே ஆள் அவள்தான்.

"உன் பேரச் சொல்லல."

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

அவள் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"வருவேன்னு எழுதியிருந்தியே பாப்பா. எப்ப வர்றதா இருந்த?"