நாலாவது பீஸ்

“சத்தியமா சொல்றேன் மாமா, கோளாறு லேத்துல இல்ல. போஸ்ட்லதான் இருக்கு” என்றார் மாப்பிள்ளை.

அவர் செய்த சத்தியத்தை இந்தக் கதையும் கையோடு செய்துவிடுகிறது: இதில் ஒரு வார்த்தைகூடக் கைச்சரக்கு இல்லை.

மாமனார் மேஜைமேல் கிடந்த பித்தளை முனையை மறுபடி எடுத்தார். தண்ணீர் தெளிக்கும் ரப்பர் குழாயின் நுனியில் திருகுகிற சாமான் அது. மாப்பிள்ளை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு சரி என்று காட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டறையில் எத்தனை அளவுக்கருவி இருந்தாலும் கடைசித் தீர்ப்பு மாமனாரின் கட்டைவிரலுடையது. கட்டைவிரல் மெதுவாகத் தடவியது. முகம் சுளித்தது.

“சொரசொரன்னு இருக்கு. பழைய லேத்துல பெரியவன் கையால கடைஞ்சதே வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதை வித்துட்டு இந்தக் கம்ப்யூட்டர் லேத்தை வாங்கலாம்னு சொன்னது யாரு?”

“நான்தான் மாமா.”

“பொண்ணைக் குடுத்தாச்சு. உங்களைத் திருப்பி அனுப்ப வழியில்லை. மத்தியானம் ஆர்டர் குடுக்கிற பார்ட்டி வந்து பாக்குறப்பவும் இது இப்படியே இருந்தா, லேத்தையாவது திருப்பி அனுப்பிடுவேன்.”

லேத்து போனால் அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பேச்சும் அதே லாரியில் ஏறிப் போய்விடும். அப்புறம் ஒரு மின்விசிறி வாங்கக்கூட யாரும் அவரை யோசனை கேட்க மாட்டார்கள்.

“அது என்ன போஸ்ட்டு?”

“கம்ப்யூட்டர்ல நாம போடுற பாதை பொதுவான பாஷையில இருக்கும் மாமா. அதை லேத்துக்குப் புரியிற கட்டளையா மாத்தித் தர்றதுதான் போஸ்ட். இப்ப இருக்கிறது வேற லேத்துக்கு எழுதினது. நம்ம லேத்துக்குத் தகுந்தாப்ல திருத்தணும்.”

“நடுவுல நின்னு பேசுற ஆளா? அப்போ கமிஷன் அடிக்கத்தான் செய்வான். திருத்துங்க, திருத்துங்க.” முனையைப் பெரிய மகனிடம் நீட்டினார். “இதை ஸ்கிராப்புல போடு. இனிமே என் கண்ணுல படக் கூடாது.”

லேத்தை ஓட்டுவது மாப்பிள்ளையின் மைத்துனரான அந்தப் பெரிய மகன்தான். வாயைத் திறந்தால் மீட்டர் ஓடும் என்று பயந்தவர் போல அளந்துதான் பேசுவார். “சரிப்பா” என்று முனையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை போஸ்ட்டைத் திறந்தார். கூட்ஸ் ரயில் மாதிரி வரிகள் வந்துகொண்டே இருந்தன. உளி பித்தளையின் நடுவை நெருங்க நெருங்கச் சுழற்சி வேகம் கூட வேண்டும். அந்தக் கட்டளையைப் போஸ்ட் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. அதைக் கக்க வைத்தார். புதிய புரோகிராம் பென் டிரைவில் ஏறி லேத்துக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் லேத்து ரீங்கரித்தது. மைத்துனர் முனையோடு வந்தார்.

கட்டைவிரல் தடவியது. “ம்… தேவலை. நேத்து சவரம் பண்ணின கன்னம் மாதிரி இருக்கு. ஆனா இதுவும் ஸ்கிராப்புதான்.”

மாப்பிள்ளை அளந்தார். முதல் முனையின் அளவேதான். ஒரு மைக்ரான் பிசகவில்லை.

அடுத்து, உளி நகரும் வேகத்தைப் போஸ்ட் நிமிடக் கணக்கில் எழுதுவதைக் கண்டுபிடித்து, சுற்றுக் கணக்குக்கு மாற்றினார். லேத்து ரீங்கரித்தது. மைத்துனர் வந்தார்.

“இது இன்னிக்குக் காலையில சவரம் பண்ணின கன்னம்” என்றது தீர்ப்பு. “கிட்ட வந்துட்டீங்க மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம்.”

மறுபடியும் அதே அளவு. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. மூன்று பீஸை மூன்று விதமான புரோகிராமில் கடைந்தும் மயிரிழை மாறாத லேத்து உலகத்தில் வேறெங்கே இருக்கிறது! இதையா திருப்பி அனுப்புவது!

ஆனால் போஸ்ட்டில் திருத்துவதற்கு இனி எதுவும் இல்லை. வாசலில் பார்ட்டியின் கார் வந்து நின்றது. பதற்றத்தில் அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு புரோகிராமின் தலைப்பிலும் அடைப்புக்குறிக்குள் மாமனாரின் பெயர் வரும்படி போஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை லேத்து படிக்காது, தாண்டிப் போய்விடும். இது அவருக்கும் தெரியும்.

லேத்து ரீங்கரித்தது. மைத்துனர் சட்டைப்பையிலிருந்து முனையை எடுத்து நீட்டினார்.

“பட்டு!” என்று கத்தினார் மாமனார். “இன்னும் வெதுவெதுன்னு இருக்கு பாருங்க, இப்பத்தான் கடைஞ்சது! என்ன பண்ணினீங்க மாப்பிள்ளை?”

“உங்க பேரை எழுதினேன் மாமா.”

“அதை மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல?”

இந்த லேத்து அடைப்புக்குறிக்குள்ளேயும் படிக்கிறது என்ற முடிவுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். பார்ட்டி முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதே மாதிரி எத்தனை குடுத்தாலும் எடுத்துக்கிறேன்” என்றார். மாமனார் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, “இனிமே லேத்து விஷயத்துல இவர் வச்சதுதான் சட்டம்” என்று அறிவித்துவிட்டு, பார்ட்டியை டீ குடிக்க அழைத்துப் போனார்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “மச்சான், ஸ்கிராப்புல போட்ட அந்த மூணு பீஸையும் எடுத்துட்டு வாங்க. நாலையும் கண்ணாடிப் பெட்டியில வரிசையா வைப்போம். நான் திருத்தத் திருத்தப் பீஸ் எப்படி மாறிச்சுன்னு வர்றவன் போறவன் பாக்கட்டும்.”

மைத்துனர் காலியான சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

“மூணுக்கு எங்க போறது மாப்பிள்ளை? காலையில இருந்த பித்தளைக் கம்பி ஒரு பீஸுக்குத்தான் பத்துச்சு. அதுக்கப்புறம் லேத்து கடைஞ்சதெல்லாம் வெறும் காத்து. அப்பா தடவினதெல்லாம் அந்த ஒண்ணைத்தான்.”