தொட்டிக்கு வந்த சங்கு

"இது என்னெண்டு நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை," என்று மகாதேவி ஈரக் கையை நீட்டினாள்.

உள்ளங்கையில் அந்த நத்தை இருந்தது.

விறாந்தையில் கடல்தண்ணீர்த் தகரத்தை இறக்கிக்கொண்டிருந்த மார்க்கண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

மாதம் இரண்டு தடவை மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவருபவர் அவர். மச்சம் புழங்காத சைவ வீட்டுக்கு மீன்காரர் என்னத்துக்கு வந்துபோகிறார் என்று கொக்குவிலில் அந்த ஒழுங்கையே ஒரு காலத்தில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. எல்லாம் மகாதேவியின் புருஷன் பரமலிங்கத்தின் விளையாட்டு. கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவர், அங்கே யாரோ வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் நீந்துவதைக் கண்டுவிட்டு, தன் வீட்டிலும் ஒன்றைச் செய்து வைத்துவிட்டு மெயில் வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஆசை அவருக்கு, வேலை இவளுக்கு.

நத்தை வந்து ஒன்றரை மாதம். பாசிக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பகலில் மணலுக்குள் புதைந்துவிடுவதால் மார்க்கண்டர் கண்ணில் இதுவரை படவில்லை. மேலே அகன்று கீழே ஒடுங்கிய ஓடு. அதன் மேல் வலை பின்னியதுபோலக் கபிலக் கோடுகள்.

மகாதேவி அதைப் படமாகக் கீறிப் புருஷனுக்குத் தபாலில் அனுப்பினாள். கொழும்பில் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு அற்புதராணி அதைத் தாயம் போடுகிற சோகி என்றாள். மகாதேவி ஒத்துக்கொள்ளவில்லை. சுருள் இருக்கிறது, வாய் இருக்கிறது, சங்குக் குஞ்சு அல்லாமல் வேறென்ன? மகாலட்சுமி வீடு தேடி வந்திருக்கிறாள்! அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தலை முழுகி, மணலைக் கிளறி அதை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு திரும்ப விடுவாள்.

இடையில் மூன்று மீன் காணாமல் போயின. பழி பூனையின் தலையில் விழுந்தது. நத்தையை யார் சந்தேகப்படுவார்கள்? சைவ வீட்டுக்கு வந்தது சைவமாகத்தானே இருக்கும்.

இன்றும் வெள்ளிக்கிழமை. கண்ணில் ஒற்றியாகிவிட்டது.

ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய மூக்கொன்று நீண்டு வந்து அவள் விரலடியைத் தடவியது. கூச்சம் தாங்காமல் மகாதேவி சிரித்தாள்.

மார்க்கண்டரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. ஆனாலும் தொட்டில் பிள்ளையின் பக்கத்தில் நின்று கதைப்பவர் போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"பிள்ளை, சரியா விடாய்க்குது. அதை மெல்லமாத் தண்ணிக்குள்ளை விட்டிட்டு, எனக்கொரு வாய் தண்ணி தாறியளோ?"

மகாதேவிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு வருடமாக இந்த வீட்டில் வாய் நனைக்காத மனிதர் அவர். மாமியார் ஒருநாள் அவரைப் பின்வாசலுக்கு வரச் சொல்லிச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தார். அதை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டுப் போனவர்தான். மாமியார் கண்ணை மூடிய பிறகும், ஒரு தேத்தண்ணிக்குக்கூட அவர் சம்மதித்ததில்லை. அந்த வெட்கம் அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

நத்தையை மணலில் விட்டாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள். விருந்தினருக்கென்று வைத்திருந்த மூக்குப்பேணியை எடுத்துத் துடைத்து, கிணற்றில் புதிதாக அள்ளி, தளும்பத் தளும்பக் கொண்டுவந்தாள்.

மார்க்கண்டர் தொட்டியடியில் நின்றார். நத்தை தகரத்துக்குள் கிடந்தது. அதை அள்ளிய நீளக் கரண்டி இன்னும் அவர் கையில் இருந்தது.

"உது சங்கில்லை, பிள்ளை. உதுதான் உங்கடை மீனைத் திண்டது. மூக்குக்குள்ளை நஞ்சு ஊசி வைச்சிருக்கு. ஆளுக்குக் குத்தினால் ஆஸ்பத்திரி வாசலுக்கும் போய்ச் சேரேலாது."

மகாதேவி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஆறு வெள்ளிக்கிழமை. இரண்டு கண். மூக்குப்பேணியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அவளுக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. நல்லூர் முருகனுக்கு நன்றி, இந்த மனிதருக்கு நன்றி, ஆறு தரமும் குத்தாமல் விட்ட அந்தச் சீவனுக்கும் நன்றி. அழுதபடியே அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"கண்ட உடனை ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அண்ணை?"

"ஐயோ, என்னைக் கும்பிடாதேங்கோ. நான்தான் உங்களைக் கும்பிடவேணும். சொன்ன உடனை விட்டிட்டியள்."

குனிந்து தகரத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்தார்.

"என்ரை மனிசிக்கு நான் சத்தம் போட்டுத்தான் சொன்னனான். பயத்திலை கையை இறுக்கிப் பொத்திட்டாள்."