வேர் முடிச்சு

பிளேடு நுனியால் அவள் நாற்றின் வேரிலிருந்த முடிச்சைக் கீறினாள். கடுகைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே இளஞ்சிவப்பு.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். அந்த நிறத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உயிர் இருக்கு" என்றாள், ஆளில்லாத தோட்டத்தைப் பார்த்து.

சுவரோரம் பதினோரு பைகளில் நாற்றுகள் நின்றன. அவரைக் குடும்பத்துப் புதர்ச்செடி. கொத்துக் கொத்தாய் மஞ்சளாகப் பூக்கும். வேரில் இப்படிக் குட்டிக் குட்டி முடிச்சுகள் போட்டுக்கொண்டு, காற்றிலிருந்தே உரத்தை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும். செத்த மண்ணுக்கு இதைவிட்டால் வேறு மருந்தில்லை என்று நாற்றுப்பண்ணைக்காரி ஒரு கை விதையும், தாய்ச்செடியின் அடியிலிருந்து ஒரு பை மண்ணும் கொடுத்திருந்தாள்.

விதை ஒவ்வொன்றும் கல். கணவனின் கருவிப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். வெந்நீரில் ஊறப்போட்டாள். காலையில் ஊதியிருந்ததை மட்டும் அந்த மண் கலந்து ஊன்றினாள். ஊதாததை மறுபடி தேய்த்தாள். விரல்நுனித் தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தபோது, முதல் முளை தலையைக் காட்டியது.

அவள் கணவன் கொத்தனார். தோட்டத்து மண்ணைச் சாகடித்ததும் அவன்தான். இடித்த வீடுகளின் செங்கல் துண்டும் காரையுமாக நாலு வண்டி கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கிவிட்டான். ஒரே நாளில், ஒற்றை ஆளாக. அதன்மேல் புல்கூட முளைக்கவில்லை.

"கொத்தனார் வீட்டுத் தோட்டத்துல வீடுதான் முளைக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு வருடமாக அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நாற்றுக்குக் குழி தோண்ட அவள் கடப்பாரையைத் தூக்கிப் போட்டாள். தெறித்தது. மறுபடி போட்டாள். வழுக்கி, கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

தவறி விழுகிற கடப்பாரையின் சத்தத்தைக் கொத்தனார் காது பொறுக்காது. சாப்பிட்டுக் கழுவிய கை ஈரத்தோடு வந்து நின்றான்.

"தள்ளு. காலை உடைச்சுக்கப் போற."

அவள் கடப்பாரையைக் கொடுத்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் போய்விடுவானோ என்று பயம்.

அவன் குழி தோண்டத் தோண்ட, அவள் பையைக் கிழித்து நாற்றை இறக்கி மண் அணைத்தாள்.

"எப்போ பூக்கும்?"

"அடுத்த வருஷம்."

தலையாட்டினான். நாலு குழி முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை நாளாயிற்று என்று அவள் நினைத்தாள்.

ஐந்தாவது குழியில் ணங் என்றது.

அவன் குனிந்து கையால் மண்ணை விலக்கினான். நீல டைல்ஸ். அவனே பதித்தது.

மகளுக்காகத் தரையோடு தரையாக அவன் கட்டிய மீன்தொட்டியின் விளிம்பு. முழங்கால் ஆழம்தான் இருந்தது. கம்பிவலையில் மூடியும் செய்து போட்டிருந்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கால் ஆழம் போதுமானதாக இருந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். போலீஸ்காரர் கேட்டார், அவன் அம்மா கேட்டாள், அவள் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டார். மூடியை யார் திறந்துபோட்டது? முந்தின நாள் தொட்டியைக் கழுவியவன் அவன். மறுபடி மூடினானா என்று அவனுக்கு ஞாபகமில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் இல்லை. கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான், தான்தான் மூடாமல் விட்டுவிட்டதாக. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் காதிலும் அது விழுந்தது.

இப்போதும் அவன் குழிக்குள் பார்த்தபடியே சொன்னான். "ஒரு நிமிஷ வேலை. திரும்பிப் பார்த்து மூடியிருந்தா போதும்."

அவள் கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தாள்.

"நீங்க மூடித்தான் வெச்சிருந்தீங்க."

அவன் நிமிர்ந்தான்.

"மீனுக்கு இரை போட நான்தான் திறந்தேன். அடுப்புல பால் தீயுற வாசனை வந்துச்சு. உள்ள ஓடினேன்."

அன்றைக்கே சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சொல்லியிருந்தால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டம். அப்படியே எழுநூற்றுச் சொச்சம் நாள் போய்விட்டது. ஆனால் இதையெல்லாம் அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றும்.

அவன் கடப்பாரையை மெதுவாகத் தரையில் படுக்கவைத்தான். குழியோரம் உட்கார்ந்தான். மயானத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அவன். கல்நெஞ்சன் என்று ஊரே பேசியது. பிள்ளையைக் கொன்றவனுக்கு அழ என்ன உரிமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன், இப்போது வாய்விட்டு, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழ ஆரம்பித்தான்.

அவன் தோளைத் தொடக் கையை நீட்டியவள், தொடாமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.