ஒத்த டிக்

ஐயாயிரத்து ஒரு ரூபாய். சாக்குக் கடை ஈஸ்வரன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பொன்னழகு செய்த மொய் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னழகு மகளுக்குக் கல்யாணம். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும், மேலே ஆயிரமாவது வைத்துச் செய்வதுதான் மரியாதை.

அந்த மரியாதைக்கு அழைக்கும் பத்திரிகை தன்னிடம் வந்து சேராமல் தடுக்கத்தான் ஈஸ்வரன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மோகன்குமாரின் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒருத்தன வாட்சப்புல பிளாக் பண்ணிட்டா, அவன் என்ன அனுப்புனாலும் நமக்கு வராதுல்லப்பா?"

"வராதுண்ணே. அவருக்கு ஒத்த டிக்கோட நிக்கும்."

"கடை கம்ப்யூட்டர்லயும் என் வாட்சப்புதான் ஓடுது. அது வழியா வந்துட்டா?"

"ஒரே நம்பர்தானண்ணே. போன்ல அடைச்சா அங்கயும் அடைச்சதுதான். யாருண்ணே, எவனும் மெரட்டுறானா?"

"அத ஏன் கேக்குற. பெரிய தொந்தரவு" என்று ஈஸ்வரன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

மோகன்குமார் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் செய்து கொடுத்தான். போட்டோ தெரியாது, கடைசியாக எப்போது பார்த்தார் என்பது தெரியாது, நீல டிக் விழாது. சாதாரண அழைப்பும் வராது.

"ரெண்டு பேரும் ஒரே குரூப்புல இருந்தா, அதுல அவரு போடுறது மட்டும் தெரியும்ணே."

ஈஸ்வரன் உடனே மார்க்கெட் குரூப்பை விட்டு வெளியேறினான். வெங்காய விலை தெரியாமல் போனாலும் பரவாயில்லை, பத்திரிகை கண்ணில் பட்டுவிடக் கூடாது.

பெண்டாட்டி போன் மிச்சம் இருந்தது. மாலதி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அதிலும் பொன்னழகு பெயரைத் தேடிப் பிடித்துவிட்டான். அழுத்தப் போகும்போது அவள் வந்து நின்றாள்.

"என் போன்ல என்னத்த நோண்டுறீக?"

"பாதுகாப்புப் போடுறேன். திருட்டுப்பயலுக பெருத்துப் போனாய்ங்க."

"திருட்டுப்பய பேரு பொன்னழகா? போன தடவ அவுக வீட்டுக் காதுகுத்துக்கும் இப்படித்தான பண்ணீக. போன் தண்ணிக்குள்ள விழுந்துருச்சுன்னு வாய் கூசாம சொன்னீக."

"அவன் நம்புனான்ல. இப்பவும் நம்புவான். மூட்ட தூக்குற பயலுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போகுது."

மாலதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ரொம்ப மெனக்கெடாதீக. அவுக நேத்தே நம்ம தெருவுக்கு வந்துட்டுப் போயிட்டாக. எதுத்த வீட்டு நஜ்முன்னிசா அக்காவுக்கு வெத்தல பாக்கு வச்சுப் பத்திரிகை குடுத்தாக."

ஈஸ்வரன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "நம்ம வீட்டுக்கு?"

"நான் வாசல்லதான் உக்காந்து பூக் கட்டிக்கிட்டிருந்தேன். நல்லா இருக்கீகளா மதினின்னு கேட்டுட்டுப் போயிட்டாக."

ஈஸ்வரனுக்கு மூச்சு வந்தது. "ஆம்பள இல்லாத நேரம் பத்திரிகை வைக்கக் கூடாதுன்னு போயிருப்பான். மறுபடி வருவான். மொதல்ல கேட்டப் பூட்டு."

ஞாயிற்றுக்கிழமை முடிகிறவரை முன் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சொந்த வீட்டுக்குள் பின்பக்கச் சந்து வழியாகச் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தான் முதலாளி. இந்த அக்கறையைக் கடையில் காட்டியிருந்தால் இன்னொரு மாடி எழுப்பியிருக்கலாம். ஆனால் பொன்னழகு ஒத்த டிக்கை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

திங்கட்கிழமை காலையில் அடைத்ததையெல்லாம் திறந்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். ஏன் வரவில்லை என்று பொன்னழகு கேட்பதற்கு முன்னால் தான் கோபித்துக்கொண்டுவிட வேண்டும். நாலு பேர் பார்க்கக் கோபித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பொன்னழகு வெங்காய லாரிக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து நின்றார். லாரியைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"ஏம்ப்பா பொன்னழகு" என்று ஈஸ்வரன் குரலை உயர்த்தினான். "மக கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பத்திரிகை அனுப்பணும்னு தோணலையா? நேர்ல வர முடியலைன்னா வாட்சப்புலயாவது தட்டி விட்டிருக்கலாம்ல? எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அனுப்பினேனே என்பார். எங்கே, வரவில்லையே என்று காட்டுவதற்குப் போனைக் கையில் தயாராகப் பிடித்திருந்தான்.

பொன்னழகு மூட்டையை முதுகில் வாங்கி, கால் நிலைத்ததும் சொன்னார். "உங்களுக்கு அனுப்பலண்ணே."

ஈஸ்வரன் போனைப் பிடித்த கையை இறக்கினான்.

"அனுப்பலயா? என்னப்பா இது. ஐயாயிரத்து ஒண்ணு செஞ்சிருக்க, அது திரும்பி வர வேணாமா உனக்கு?"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே தொகையைச் சொல்லிவிட்டது உறைத்தது. லாரி மேல் நின்றவன் மூட்டையை விட்டுவிட்டு இவன் முகத்தைப் பார்த்தான்.

பொன்னழகு மூட்டையோடு இவனைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், சத்தம் கூட்டாமல் சொன்னார்.

"அத எப்பவோ எழவு வீட்டுல செஞ்சதா வச்சுத் தல முழுகிட்டோம்ணே."