தங்கபாயின் பல் செட்டு

உடைந்த பல் செட்டின் இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தேன்.

கருங்கல் ஜங்ஷனில் பல் செட்டு செய்கிற கடை அது. பெபிஷா என்ற பெண்தான் நடத்துகிறாள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவதைச் செய்துகொடுக்கிறவள்.

ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். "இதுல என்னத்தத் தேச்சு வச்சிருக்கிய?"

ரப்பர் பால் என்றேன்.

"பாட்டா, நீங்க பறையது ஒண்ணும் மனசிலாவல்ல. விடியக்காலத்தயே குடிச்சிட்டு வந்திருக்கியளா?"

இல்லை என்றால் மட்டும் நம்பிவிடுவாளா? ரப்பர் பால் என்று இன்னும் இரண்டு தடவை சொன்ன பிறகே அவளுக்குப் பிடிபட்டது.

எங்கள் ஊர் அருமனையில் நாற்பது வருடமாக ரப்பர் வெட்டுகிறேன். செருப்பு பிய்ந்தாலும் பால்தான், குடை கிழிந்தாலும் பால்தான். புதன்கிழமை துவைகல்லில் விழுந்து இது இரண்டானபோதும் அதைத்தான் வைத்தேன். நன்றாகத்தான் காய்ந்தது. சூடு கஞ்சி பட்டதும் தோலாக உரிந்து வந்துவிட்டது.

செட்டுக்காரி வெளியே பெஞ்சில் இருந்தாள். என் வீட்டுக்காரி தங்கபாய். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். நாலு நாளாக அந்தக் கை இறங்கவில்லை.

நாளைக்குப் பேத்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயிலில் பிள்ளையைப் பிடிக்க வேண்டியவள் இவள். பொக்கை வாயோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்க மாட்டேன், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து ஐம்பத்தியொரு வருடமாகிறது. அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை.

பெபிஷா பாலைச் சுரண்டி எடுத்தாள். உடைந்த ஓரங்களை ராவினாள். மூக்கைக் குத்துகிற ஏதோ ஒரு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தடவினாள்.

இதுவும் பசைதானே என்று கேட்டேன்.

"பசைன்னா பிரியும் பாட்டா. இது பழசுக்குள்ள ஊறும். ஊறுன எடத்துல புதுசு உள்ள போயி, பழசோட பின்னிக் கெடந்து அங்கயே கட்டியாவும். ரெண்டும் வேற வேறதான். ஆனா பிரிக்க ஏலாது. வேணும்னா ஒடைக்கலாம்."

மழைத் தண்ணீர் பாலில் சேராமலிருக்க ரப்பர் மரத்தில் ஒட்டுகிற பிளாஸ்டிக்கையும் இப்படிப் பேசித்தான் விற்றார்கள். முதல் மழையிலேயே ஒழுகியது.

ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து நடுவில் அப்பினாள். குக்கர் போன்ற ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீருக்குள் போட்டு மூடினாள். இருபது நிமிடம். கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றேன். தங்கபாயும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

எடுத்துத் தேய்த்து மினுக்கிக் கையில் தந்தாள்.

இரண்டு பெருவிரலையும் நடுவில் கொடுத்து வளைத்தேன்.

"பாட்டா!" என்று பெபிஷா கத்தினாள். தங்கபாயின் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

உடையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உடையவில்லை. ஒட்டின இடம் எதுவென்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை.

தங்கபாய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்று வாயில் மாட்டினாள். திரும்பியபோது பழைய முகம் வந்திருந்தது.

"பிள்ளைய நாந்தான் பிடிப்பேன். வேற ஒருத்திக்கும் குடுக்கண்டாம்னு பேத்திகிட்ட இப்பமே போன்ல சொல்லும்."

சரி என்று தலையாட்டினேன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து தாள் பொதியை எடுத்துப் பிரித்தேன். தங்கபாயின் செட்டு உடைந்த புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து என் செட்டும் பையில்தான் கிடந்தது. குழாயில் கழுவி வாயில் மாட்டிக்கொண்டேன்.

பெபிஷா கையை நீட்டினாள். "ஒங்க செட்டுக்கும் கேடா பாட்டா? முன்னயே சொல்லப்பிடாதா? கழத்துங்க, பாக்கட்டு."

"இதுக்கு ஒரு கேடும் இல்ல, மக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். தங்கபாயைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவளுக்கு விளங்காமல் போகவில்லை.